ஆவணப் பையும் புதுவை நகரும்

புதுவைக்கு வருகிறவர்கள் கடற்கரைச் சாலையைக் காண்பார்கள். நேர்நேராக ஓடும் வீதிகளையும், மஞ்சள் பூசிய மதிற்சுவர்களையும், வானளாவிய ஆலயங்களையும் கண்டு மகிழ்வார்கள். ஆயினும், இந்நகரத்துக் குடும்பங்கள் பலவற்றில் நகைப் பெட்டிக்கு நிகராகக் காக்கப்படும் செல்வம் ஒன்றை அவர்கள் காண்பதில்லை. அது அலமாரியின் உள்ளறையில், துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கும் தாள்கட்டு. பாட்டனாரின் பிறப்புப் பதிவு, பட்டாளத்துச் சேவைப் புத்தகம், ஓய்வூதியக் கடிதம், திருமணத்தின்போது அரசு வழங்கிய குடும்பப் பதிவேடு ஆகியவை அக்கட்டில் இருக்கும். ஒரு தாள் தொலைந்தால் ஒரு தலைமுறையின் வழியே அடைபடக்கூடும் என்பதை அனுபவத்தால் அறிந்த ஊர் இது.

ஆதலால், பயணத்திற்கு ஏற்ற ஆவணப் பையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்னும் சிறிய வினாவிற்கு விடை தேடப் புதுவை மிகப் பொருத்தமான இடம் எனலாம். வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோரும், மகனையோ மகளையோ காணப் பாரிசுக்கு விமானம் ஏறுவோரும், சிகிச்சைக்காகச் சென்னை செல்வோரும் நம் பங்குகளில் உள்ளனர். எல்லாருக்கும் கையில் ஒரு பை வேண்டும். ஆனால் அப்பையில் எதை வைப்பது, எதை வீட்டிலேயே விட்டுச் செல்வது என்பதே முதற்கேள்வி. பை வாங்குவது அதற்குப் பிற்பட்ட வேலை. கடற்கரையிலிருந்து இரயில் நிலையம்வரை நகரின் ஊடே நடந்து, ஒவ்வோர் இடமும் இதுபற்றி நமக்குக் கற்பிப்பது என்னவென்று பார்ப்போம்.

போர் நினைவுச் சின்னத்தின் அருகே

கடற்கரைச் சாலையில், காந்தியடிகள் சிலைக்கு அண்மையில், போர் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. முதலாம் உலகப் போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவாக 1938-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது அது. ஆண்டுதோறும் ஜூலை 14-ஆம் நாள் அங்கே மலர்வளையம் வைத்து வணக்கம் செலுத்தப்படுகிறது.

புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறிப் பிரெஞ்சுப் படையிலும், இந்தோசீனாவின் அலுவலகங்களிலும் பணி புரிந்தவர்கள் பலர். அவர்கள் திரும்பி வந்தபோது கொண்டுவந்தவற்றுள் மிகுந்த மதிப்புடையது பட்டுமன்று, பொன்னுமன்று. பணிக்காலத்தைச் சான்று கூறும் தாள்களே. ஓய்வூதியம் அத்தாள்களின் வழியாகவே வந்தது. கணவர் மறைந்தபின் மனைவிக்குரிய பங்கு கிடைக்க வேண்டுமானால், திருமணப் பதிவும் இறப்புப் பதிவும் சேர்ந்து பேச வேண்டியிருந்தது. கண்ணீர் காயாத நாள்களிலேயே கைம்பெண் ஒருத்தி பெட்டியைத் திறந்து தாள்களைத் தேட வேண்டிய நிலை. வேண்டிய தாள் கைக்கு எட்டினால் அடுப்பு எரியும்; எட்டாவிட்டால் அலுவலகத்துக்கு அலுவலகம் அலைய நேரும்.

தாம் உயிரோடிருப்பதையும் ஓய்வூதியர் ஆண்டுதோறும் மெய்ப்பிக்க வேண்டும். இந்திய அரசின் ஓய்வூதியர்க்கும் நவம்பர் மாதத்தில் இந்தக் கடமை உண்டு. 2014-ஆம் ஆண்டு முதல் கைரேகை பதித்து இணையவழியே இச்சான்றை அளிக்கும் வசதி வந்துள்ளது. எனினும், அதற்கும் ஓய்வூதிய ஆணையின் எண் வேண்டும்; அந்த எண் எந்தத் தாளில் உள்ளது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மரீன் வீதியில்

சற்று வடக்கே, கடலை ஒட்டிய மரீன் வீதியில், பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறது. புதுவை வரலாற்றில் தாளின் வலிமையை உணர்த்தும் இடம் இதுவே.

1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சிப் பொறுப்பு கைமாறியது. 1956 மே 28-இல் ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆயினும் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாளில்தான். அந்நாளில் இந்நிலப்பகுதியில் பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. திருமணமாகாத இளம் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் அறிவிப்பே முடிவாயிற்று.

எண்ணிப் பாருங்கள். ஆறே மாதங்கள், ஒரே ஒரு தாள். அதில் கையெழுத்திட்டவரும் இடாதவரும் ஒரே வீட்டில் பிறந்த உடன்பிறப்புகளாக இருந்ததுண்டு. அண்ணன் குடும்பம் ஒரு நாட்டுக்கும் தம்பி குடும்பம் மற்றொரு நாட்டுக்கும் உரியதாயிற்று. இன்றும் பேரப்பிள்ளைகள் தம் பிரெஞ்சுக் குடியுரிமையை நிலைநாட்ட முற்படும்போது, பாட்டனார் அன்று அளித்த அறிவிப்பின் சான்றைத் தேடவேண்டியுள்ளது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய மெல்லிய தாள் ஒன்று இன்றைய இளைஞனின் எதிர்காலத்தைச் சுமக்கிறது.

பெயர்களிலும் ஒரு சிக்கல் உண்டு. 1881 செப்டம்பர் 21-ஆம் நாளிட்ட பிரெஞ்சு ஆணை, தம் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர விரும்பியவர்களுக்கு வழி திறந்தது. அவ்வாறு துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை ஏற்றுப் பதிவு செய்தார்கள். அவ்வியக்கத்தில் முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாப்போர்த்' என்னும் பெயரை ஏற்றார். இது மட்டுமன்று. தமிழின் உகரத்தை ஆங்கில முறையில் ஓரெழுத்தாலும் பிரெஞ்சு முறையில் ஈரெழுத்தாலும் எழுதுவர். ஆகவே, ஒரே முத்து ஒரு தாளில் ஒருவகையாகவும் மறுதாளில் வேறுவகையாகவும் காட்சியளிப்பார். ஊரின் பெயரும் 2006 அக்டோபர் 1 முதல் அதிகாரமுறையில் புதுச்சேரி ஆயிற்று. அதற்கு முந்தைய தாள்களில் பாண்டிச்சேரி என்றே இருக்கும். எனவே பயணச்சீட்டு எடுக்கும்போது, கடவுச்சீட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது முதற்கடமை. பை எவ்வளவு உயர்ந்ததாயினும், உள்ளிருக்கும் இரு தாள்கள் ஒன்றையொன்று மறுத்துப் பேசினால் பயனில்லை.

சம்பா கோவிலில்

மேற்கே திரும்பி மிஷன் வீதிக்கு வந்தால், சம்பா கோவில் என்று மக்கள் அழைக்கும் அமலோற்பவ அன்னைப் பேராலயம் கம்பீரமாக நிற்கிறது. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்நகரைக் கைப்பற்றிய காலங்களில் முன்னைய ஆலயங்கள் அழிந்தன. இப்போதுள்ள ஆலயம் 1791-இல் முடிவுற்றது. சுவர்கள் அழிந்தபோதும் புதுவையின் பழைய திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகள் பல தப்பிப் பிழைத்தன. 1676 முதலான அப்பதிவுகளின் சுருக்கத்தை, இங்கே ஆளுநராயிருந்த அல்ஃப்ரேத் மர்த்தினோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூலாக வெளியிட்டார். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் இவ்வூரில் பிறந்து மறைந்த எளிய மனிதரின் பெயர்களை நாம் அறிவது இத்தகைய பதிவுகளால்தான்.

திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் விதி, ஒவ்வொரு பங்கிலும் இப்பதிவேடுகள் பேணப்பட வேண்டும் என்றும், பழையவை கருத்துடன் காக்கப்பட வேண்டும் என்றும் பணிக்கிறது. பங்குத் தந்தை நம் கையில் தரும் திருமுழுக்குச் சான்று அப்பதிவேட்டிலிருந்து எடுத்தெழுதப்பட்ட பகுதியே. அது தொலைந்தால் வேறொன்று பெறலாம். மூலம் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது.

இங்கே நமக்கு ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கிறது. வீட்டிலுள்ள தாள்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, பதிவேட்டிலிருந்து மீண்டும் எழுதிப் பெறக்கூடியவை: திருமுழுக்குச் சான்று, பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகள். வேண்டியபோது இவற்றைப் பயணத்தில் கொண்டு செல்லலாம். இரண்டாம் வகை, தொலைந்தால் தொல்லைப்பட்டேனும் மறுபடி பெறக்கூடியவை: கடவுச்சீட்டு, ஆதார் அட்டை, வங்கி அட்டை, ஓட்டுநர் உரிமம். இவற்றுள் அந்தப் பயணத்தில் கேட்கப்படுபவை மட்டுமே பைக்குள் போகட்டும். மூன்றாம் வகை, உலகில் ஒரே ஒரு படியாக இருப்பவை: பாட்டனாரின் சேவைப் புத்தகம், குடியுரிமை அறிவிப்பின் பழைய தாள், கையெழுத்தில் உள்ள நிலப்பத்திரம். இவை பயணப் பைக்குள் நுழையவே கூடாது. ஓர் அலுவலகம் மூலத்தையே காட்டச் சொன்னால், முதலில் படியெடுத்து வீட்டில் வைத்துவிட்டு, அத்தாளை மட்டும் தனி உறையில் கொண்டுபோய், வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குத் திரும்புவதே முறை.

இதைச் செய்த குடும்பத்திற்குப் பை தொலைந்தாலும் வருத்தமே தவிர அழிவில்லை.

அங்காடியில்

பேராலயத்திலிருந்து குபேர் அங்காடி தொலைவில் இல்லை. மீன் விற்கும் தாய்மாரின் இடுப்பில் செருகிய சுருக்குப் பையைப் பாருங்கள். உள்ளே இரண்டு மூன்று அறைகள். நாணயத்திற்கு ஒன்று, நோட்டுக்கு ஒன்று, வெற்றிலைக்கு ஒன்று. கயிற்றை இழுத்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும். உடலோடு ஒட்டியிருப்பதால் ஆள் அறியாமல் எடுக்க இயலாது. நல்ல பயணப் பைக்குரிய இலக்கணம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது: அறைகள் வேண்டும், வாய் இறுக மூட வேண்டும், உடலோடு இருக்க வேண்டும்.

இனி, அளவு. கடைக்குச் செல்லுமுன் சில எண்களை மனத்தில் கொள்வது நன்று. கடவுச்சீட்டின் நீளம் 12.5 சென்டிமீட்டர், அகலம் 8.8 சென்டிமீட்டர். பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள நம்மவர் அதனுடன் எடுத்துச் செல்லும் ஓ.சி.ஐ. புத்தகமும் அதே அளவினது. ஆனால் நம் 500 ரூபாய் நோட்டு 15 சென்டிமீட்டர் நீளம். கடவுச்சீட்டுக்கென்றே தைத்த சிறிய உறையில் அது மடங்காமல் நுழையாது. வழக்கமான பெரிய தாளை இருமுறை மடித்தால் ஏறத்தாழ 15 சென்டிமீட்டருக்குப் பத்தரை சென்டிமீட்டர் ஆகும். ஆகவே, உள்ளளவு 16 சென்டிமீட்டர் நீளமும் 11 சென்டிமீட்டர் அகலமும் உடைய பை இவை எல்லாவற்றையும் ஏற்கும். அதனினும் பெரிய பை வேண்டா. பெரிய பை தேவையற்ற தாள்களை அழைக்கும். கடைக்குப் போகும்போது பழைய கடவுச்சீட்டையோ, அதே அளவில் வெட்டிய அட்டையையோ கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது எளிய வழி.

அடுத்து, பொருள். தோற்பைக்குப் புதுவை பெயர் பெற்றது. இன்று பல நாடுகளில் விற்கப்படும் ஹைடிசைன் தோற்பொருள்கள், 1978-இல் இங்கே ஒரு சிறு பட்டறையில் தொடங்கியவையே. தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல் நாள்பட நாள்படக் கருத்து மெருகேறும், பன்னெடுங்காலம் உழைக்கும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது தமிழகத்தின் பழைய தொழில். ஆயினும் கடற்காற்றுள்ள ஊரில் மூடிய அலமாரியில் கிடக்கும் தோலில் பூஞ்சை பிடிக்கும்; மழையில் நனைந்தால் உள்ளிருக்கும் தாளும் நனையும். எனவே தோற்பை வைத்திருப்போர் அவ்வப்போது நிழலில் காற்றாட விடுவதும், உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை வைப்பதும் நலம். நெருங்க நெய்த நைலான் துணியால் ஆகி, பல்சங்கிலி வைத்த பை விலையும் குறைவு, எடையும் குறைவு. ஞாயிறுதோறும் மகாத்மா காந்தி வீதியில் கூடும் சந்தையிலும் மலிவான பைகள் கிடைக்கும். வாங்குமுன் பல்சங்கிலியைப் பத்துமுறை இழுத்துப் பாருங்கள். மூலைத் தையலை விரலால் விரித்துப் பாருங்கள். பை முதலில் பழுதாவது அவ்விடங்களில்தான்.

மழை வெறும் கற்பனை அச்சமன்று. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் இக்கடற்கரையைத் தாக்கியது. 2024 நவம்பர் 30-இல் 'ஃபெஞ்சல்' புயல் புதுவைக்கு அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எனவே, வீட்டில் விட்டுச் செல்லும் மூன்றாம் வகைத் தாள்களையும் தரையோடு ஒட்டிய பெட்டியில் வைக்காமல், நீர் புகாத உறையிலிட்டு உயரத்தில் வைக்க வேண்டும். பழைய தாள்களைக் குண்டூசியால் குத்தாதீர்கள். உப்புக் காற்றில் ஊசி துருவேறித் தாளைத் தின்னும். சூடேற்றி ஒட்டும் லேமினேஷனும் வேண்டா. ஒட்டியபின் அதைத் திரும்பப் பிரிக்க இயலாது.

இரயில் நிலையத்தில்

தெற்கே நடந்தால் திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவின் கோபுரங்கள் தெரிகின்றன. 1902-இல் தொடங்கி 1907-இல் முடிந்த இவ்வாலயம் 2011-இல் பசிலிக்கா என உயர்த்தப்பட்டது. அதன் அருகே இரயில் நிலையம். பையை எப்படி எடுத்துச் செல்வது என்னும் வினா இங்கேதான் எழுகிறது.

அனைத்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள். கடவுச்சீட்டும், பெரும்பணமும், ஓர் அட்டையும் உள்ளாடைக்கு அருகே கழுத்திலோ இடுப்பிலோ அணியும் தட்டையான பையில் இருக்கட்டும். அன்றைய செலவுக்குரிய பணம் மட்டும் சட்டைப் பையில் இருக்கட்டும். இரண்டாவது அட்டை, உடன்வரும் துணைவரிடம் இருக்கட்டும். பேருந்து நெரிசலில் பெரிய பையை அடிக்கடி திறந்து எண்ணுகிறவர், தம் செல்வம் இருக்கும் இடத்தைத் தாமே ஊருக்கு அறிவிக்கிறார்.

ஏ.டி.எம். அட்டையின் இரகசிய எண்ணை எழுதி அதே பையில் வைப்பது, பூட்டிய கதவில் சாவியைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். இக்கால அட்டைகள் சில, இயந்திரத்தின்மேல் காட்டினாலே 5,000 ரூபாய்வரை எண் கேட்காமல் செலுத்திவிடும். விருப்பமில்லாதவர்கள் வங்கியிடம் சொல்லி அவ்வசதியை நிறுத்தி வைக்கலாம். அட்டை தொலைந்தால் உடனே தெரிவிக்க வேண்டிய வங்கித் தொலைபேசி எண்ணைப் பையில் அன்று, வேறிடத்தில் குறித்து வையுங்கள்.

முன்பதிவு செய்த இரயில் பயணத்தில் மூல அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். வெறும் நகல் போதாது. கைப்பேசியில் அரசின் டிஜிலாக்கர் வழியே காட்டும் ஆதாரும் ஓட்டுநர் உரிமமும் 2018 முதல் ஏற்கப்படுகின்றன. எனினும் கைப்பேசியின் மின்கலம் தீரலாம், கைப்பேசியே தொலையலாம். ஆகவே ஓர் அட்டையாவது கையில் இருப்பது நன்று. தங்கும் விடுதியில் ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் படியைத் தரலாம்.

வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் செல்வோருக்கு இவற்றில் பலவும் வேண்டா. ஓர் அடையாள அட்டை, சிறிது பணம், உட்கொள்ளும் மருந்தின் பெயர், வீட்டாரின் தொலைபேசி எண் எழுதிய ஒரு சீட்டு ஆகியவை போதும். முதியோர் மயங்கி விழுந்தால், வழிப்போக்கர் முதலில் தேடுவது அந்தச் சீட்டையே.

தோபியாவின் பயணம்

விவிலியத்தில் ஆவணத்தோடு பயணம் சென்ற இளைஞர் ஒருவரை நாம் அறிவோம். தோபித்து, தம் செல்வத்தை மேதியா நாட்டில் கபேலிடம் ஒப்படைத்திருந்தார். இருவரும் சான்றுத் தாள் எழுதி, அதை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு பகுதியை வைத்துக்கொண்டார்கள். இருபது ஆண்டுகள் கழிந்தன. தோபித்து பார்வையிழந்து வறுமையுற்றார். அப்போது அவர் மகனை அழைத்து, அத்தாளைப் பற்றிக் கூறி, அதனைக் கொடுத்து அனுப்பினார். நம்பத்தகுந்த வழித்துணையையும் தேடச் சொன்னார். துணையாக வந்தவர் இரபேல் வானதூதர். இருபது ஆண்டுகள் அத்தாள் பத்திரமாய் இருந்ததால் அன்றோ பார்வையிழந்த தந்தையின் வீட்டிற்குச் செல்வம் திரும்பியது?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தோபித்து தாளைப் பேணியதோடு நிற்கவில்லை. அது இருப்பதையும் அதன் பொருளையும் மகனுக்குச் சொன்னார். நம் வீடுகளில் பலர் தாளைப் பூட்டி வைக்கிறார்கள். சாவியோடு செய்தியையும் தம்மோடு கொண்டு போய்விடுகிறார்கள். பின்னர் மனைவியும் மக்களும் இருளில் துழாவுகிறார்கள். இறந்தோரை நினைக்கும் நவம்பர் மாதம் இதற்கு ஏற்ற காலம். குடும்பத்தார் ஒரு மாலைப் பொழுதில் கூடியமர்ந்து, செபமாலை சொல்லி முடித்தபின், பெட்டியைத் திறந்து தாள்களை மூவகையாகப் பிரிக்கலாம். எது எங்கே உள்ளது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, பெற்றோரும் மூத்த பிள்ளையும் ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளலாம்.

பங்கில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் எவரேனும் இருந்தால், அவருடைய தாள்களையும் நம் இளைஞர்கள் இவ்வாறே ஒழுங்கு செய்து கொடுக்கட்டும். ஓய்வூதிய அலுவலகத்தின் வாயிலில் தாளில்லாமல் நிற்கும் ஒரு மூதாட்டிக்கு நாம் செய்யக்கூடிய அறம் அதனினும் பெரிதாக வேறில்லை.

தோபித்து தம் மகனைப் பயணத்திற்கு ஆயத்தப்படுத்தியபோது பணத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஏழைக்கு முகத்தைத் திருப்பாதே என்றும் அறிவுறுத்தினார். ஆகையால், புதிய பை வாங்கும்போது சில்லறைக்கென ஓர் அறை இருக்கிறதா என்றும் பாருங்கள். கைநீட்டும் ஏழையின் முன் கடவுச்சீட்டையும் அட்டைகளையும் வெளியே கொட்டித் தேடவேண்டியிராமல், உடனே எடுத்துக் கொடுக்க அது உதவும்.